உப்புத் தண்ணீர் வீடு

இன்று காலை சாவி வாங்கக் கிளம்பி ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தால், உங்கள் எவர்சில்வர் டம்ளர் உருண்டு வருகிறது. விளிம்பு நசுங்கிய அதே டம்ளர். ஆமாம், வீடு வாங்கிவிட்டேன்! நேற்றுப் பத்திரம் பதிந்தாயிற்று. கோட்டுச்சேரி பக்கம் பார்த்தோமே, இரண்டே அறை உள்ள பழைய ஓட்டு வீடு, பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் கொல்லை, அதேதான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

திருநள்ளாற்றில் நம் விளக்குக் கடையில் சனிக்கிழமை மூச்சுவிட நேரம் இருக்காது. மறுநாள் ஊரே கடற்கரைக்குப் போகும், நாம் வீடு பார்க்கப் போவோம். வாங்க வழியில்லாத இருவருக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு! தரகர் கூடத்தைக் காட்டிக்கொண்டிருப்பார், நீங்கள் நேரே கொல்லைக்குப் போய்க் கிணற்றில் இறைத்து, இந்த டம்ளரில் குடித்துப் பார்ப்பீர்கள். "கடலோர ஊருடி. செவுத்த இடிச்சுக் கட்டலாம், தண்ணிய மாத்த முடியுமா?" என்பீர்கள். அப்புறம் என் காதோரம், "உப்பு. வா போவலாம்."

இந்த வீட்டில்தான் நான் ஒரேயடியாக மயங்கிவிட்டேன். இங்கே முருங்கை, அங்கே மல்லிகைப் பந்தல் என்று வீட்டுக்கார அக்காவின் கொல்லையில் கையை நீட்டி நீட்டிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் கிணற்றடியிலிருந்து வந்து, "சுத்த உப்புடி" என்றீர்கள். வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். பஜ்ஜி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தீர்கள்.

போன மாதம் அந்த அக்கா கடைக்கே தேடி வந்தார். பிரான்சில் இருக்கும் மகனோடு போகிறாராம். "பிளாட்டு போடுறவங்க மரத்தையெல்லாம் வெட்டிப்புடுவாங்க. நீங்கதான் கொல்லையப் பாத்து ஆசப்பட்டீங்க. வெலைய அனுசரிச்சுக்கலாம், எடுத்துக்கிறீங்களா?" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சீட்டை எடுத்தேன், வளையல்களைக் கொடுத்தேன். மகள்தான் சண்டைக்கு வந்தாள்.

"அப்பாவே உப்புன்னு சொன்ன தண்ணி. அந்தக் கொல்லையில என்னத்தம்மா வளப்பே?"

"எருக்கு வளக்குறேன், போடி."

வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளுக்குள் பயம். கடைக்காசு மொத்தத்தையும் உப்பில் கொட்டுகிறேனோ என்று ராத்திரியில் தூக்கம் வராது. ஆனாலும் கிணற்றுப் பக்கம் போகவே இல்லை. ஒரு வாய் குடித்து மனசு மாறிவிட்டால் என்ன செய்வது?

இன்று சாவி கைக்கு வந்த பிறகுதான் துணிந்தேன். வாளியை இறக்கி, உங்கள் டம்ளரில் மொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். உப்பே இல்லை. இன்னொரு டம்ளர் குடித்தேன். தித்திப்பு!

"இது எப்ப நல்ல தண்ணியாச்சு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"என்னிக்குமே நல்ல தண்ணிதான். ஒங்க வீட்டுக்காரரு அன்னிக்கி மூணு டம்ளரு குடிச்சாரே! 'இப்புடித் தண்ணி எங்கயும் குடிச்சதில்லக்கா'ன்னாரே!"

கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது. எட்டாத வீடு என்று சொன்னால் நான் கலங்குவேன், அதனால் பழியைத் தண்ணீர்மேல் போட்டீர்கள். பொய்க்காரரே, அத்தனை கிணறுகளில் நிஜமாக எத்தனைதான் உப்பு? நீங்கள் இருந்திருந்தால் இந்தத் தண்ணீரை உங்கள் தலையிலேயே ஊற்றியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் போன் செய்தாள். "தண்ணி எப்புடிம்மா இருக்கு?"

"சுத்த உப்புடி. வந்து ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்றேன்.

உங்கள் டம்ளரைக் கழுவி, அவளுக்காகக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.