பேனாவில் எழுதிய இரண்டு சீட்டுகள்

தென்காசி
ஜூலை 9

அன்புள்ள அபர்ணாவுக்கு,

யோகலட்சுமி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நார்வேயில் இப்போதாவது ஸ்வெட்டரைக் கழற்றினாயா? இங்கே சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் நேற்று தண்ணீர் அதிகமாகி யாரையும் குளிக்க விடவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

நீ அனுப்பிய கட்டுரையை வாசித்தேன். என் பெயரையும் இரண்டாவதாகப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததிலிருந்து, சுரண்டைப் பக்கத்துக் கல்லூரி வேலை எனக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். திங்கட்கிழமை நேர்காணல். ஆய்வுக் கட்டுரை இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டுரையில் என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்டார். கோயிலைச் சுற்றி நாலு ரதவீதியிலும் கடைகள் இருப்பதுபோல, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் முப்பத்தேழு மரபணுக்கள் வட்டமாக இருக்கின்றன என்றேன். நட்சத்திரமீனுக்கும் அதன் உறவுகளுக்கும் அதே கடைகள்தான். சிலவற்றில் மட்டும் ஒரு வீதி தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதை வைத்து யார் எப்போது பிரிந்தார்கள் என்று ஊகிக்கலாம். நாம் ஆராய்ந்த இரண்டு நட்சத்திரமீன்களில் வழவழப்பானதில் வீதி திரும்பியிருக்கிறது, சொரசொரப்பானதில் இல்லை, இதுதான் அபர்ணா கண்டுபிடித்தது என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் சும்மா இருக்காமல், "ரெண்டும் குப்பியில துண்டாத்தான கெடக்கும்? எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிய?" என்றார். சீட்டு போட்டிருப்போம் என்றேன். சொல்லும்போதே அந்தச் சீட்டுகளை எழுதிய நாள் ஞாபகம் வந்தது.

தூத்துக்குடியில் அன்று நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். ஆய்வகத்தில் அந்த இரண்டு மீன்களின் கைநுனிகளை வெட்டி, குப்பிகளில் ஆல்கஹாலில் போட்டது நான்தான். சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று நமக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! பென்சில் முனை உடைந்திருந்தது. சீவச் சோம்பல்பட்டு பேனாவில் எழுதினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு குப்பியிலும் மை கரைந்து, சீட்டு வெறும் வெள்ளையாகக் கிடந்தது. ஞாபகத்தை நம்பி வேறு சீட்டு எழுதிப் போட்டுவிட்டேன். அப்போது சந்தேகமே இல்லை. இப்போது இருக்கிறது. மாறியிருந்தால் நீ வரைந்திருக்கும் வம்சக் கிளை முழுவதும் தப்பு.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும், அபர்ணா. கல்யாணமாகி நாலு வருடமாக டியூஷன் பிள்ளைகளுக்கு இலையும் வேரும் வரைந்து கொடுத்து அலுத்துவிட்டது. ஆனால் நாளைக்கு வேறொருவர் உன் கட்டுரையைத் தப்பு என்று எழுதினால் உன் நான்கு வருட உழைப்பை யாரும் நம்ப மாட்டார்கள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

முழு மீன்கள் இரண்டும் தூத்துக்குடி ஆய்வகத்து ஜாடியில் இருக்கின்றன. அவற்றில் கட்டிய பெயர்ப் பட்டைகள் அப்படியே இருப்பதாக, இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் பாண்டியராஜ் போனில் சொன்னான். நாளைக் காலை பஸ்ஸில் போய் நானே மறுபடி நுனி வெட்டி, சோதனைக்குக் கொடுக்கிறேன். முடிவு வரும்வரை கட்டுரையை எங்கும் அனுப்பாதே. திங்கட்கிழமை நானும் அதைக் காட்டப்போவதில்லை. என் பெயரை எடுத்துவிடுவதாக இருந்தாலும் சரி.

கையால் எழுதினால்தான் அடிக்காமல் திருத்தாமல் சொல்வேன் என்று எழுதினேன். படம் எடுத்து அனுப்புகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். என்னைத் திட்டுவதாக இருந்தால் எழுதித் திட்டாதே, கூப்பிட்டுத் திட்டு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்
யோகா