பிரித்து மடித்த விரிப்புகள்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். ஒரே அசதி. இந்தச் சலவைக்கூடத்துக்கு மேனேஜராக வந்து எட்டு மாதம் ஆகிறது. பதினான்கு பேர் மடித்து வைத்த ஆஸ்பத்திரி விரிப்புகளைப் பிரித்து மறுபடி மடிப்பதே என் பிழைப்பாகிவிட்டது. ஏன் இப்படிக் கோணல்மாணலாக மடிக்கிறீர்கள் என்று நேற்று இஸ்திரிக்காரம்மாவைக் கேட்டேன். "எப்படியும் நீங்க பிரிச்சுத்தானே மடிக்கப் போறீங்க மேடம், நாங்க எதுக்கு மெனக்கெடணும்?" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனால் சொன்னதில் தப்பில்லை.

பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உங்கள்
மேனேஜரம்மா

மார்ச் 15

மேனேஜரம்மாவுக்கு,

அந்த அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். போன முறை வந்தபோது, நான் துலக்கிய பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி துலக்கினாயே, அன்றிலிருந்து நானும் அவர் கட்சிதான். கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டு நில். முதலில் நாறும், அப்புறம் சரியாகிவிடும்.

நான் ஸ்கூல் பஸ் ஓட்டிவிட்டு வருவதற்குள் பாப்பாவே சமைத்துவிடுகிறாள்.

உன் வீட்டுக்காரன்

மே 2

அன்புள்ள உங்களுக்கு,

கையைக் கட்டிக்கொண்டேன். முதல் வாரமே ஒரு வண்டி விரிப்பு ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை. அவர்களே உட்கார்ந்து மடித்தார்கள். இப்போது இஸ்திரிக்காரம்மாதான் எல்லாரையும் விரட்டுகிறார்.

போன வாரம் மூன்று நாள் காய்ச்சலில் அறையிலேயே கிடந்தேன். ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. நான் இல்லாமலேயே வேலை நடக்கிறது! முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று ஊர்க் கூடங்களையும் உன் பொறுப்பில் தருகிறேன், இன்னும் மூன்று வருஷம் இரு என்கிறார். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

உங்கள்
மேனேஜரம்மா

மே 11

அன்புள்ள உனக்கு,

காய்ச்சல் என்று எங்களிடமும் நீ சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் நாங்களும் கூப்பிடவில்லை என்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பாப்பாவிடம் சொன்னேன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? எப்போ?" என்று கேட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அவளுக்குப் பழகிவிட்டது. எனக்கும்தான். இங்கேயும் நீ இல்லாமலேயே நடக்கிறது.

கோபத்தில் எழுதவில்லை, அலுத்துப்போய் எழுதுகிறேன். பிடித்திருந்தால் ஒத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் நின்றபடியே படித்தேன். அழுததை இஸ்திரிக்காரம்மா பார்த்துவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் இடத்துக்கு இஸ்திரிக்காரம்மாவைச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன். அங்கே எனக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை, தெரியும். வேலைக்காக வரவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டால் போதும்.

உங்களவள்