பதினொன்று என்று காட்டும் திரை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
23-12-1999

சிரஞ்சீவி உப்பிலிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. மார்கழி பிறந்துவிட்டதால் சந்நிதித் தெருவில் வெளியூர்க் கூட்டம் நிரம்பி வழிகிறது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் குரல் மெலிந்து கேட்டது.

போனில் பேசினால் அப்பாவோ சௌந்தரவல்லியோ பக்கத்தில் இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் வேலை போனதையும் உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றையும் மட்டும், அவர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அன்று அவசரமாகச் சொன்னேன். நடந்ததை முழுக்கச் சொல்லவில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு நீ வந்திருந்தபோது ராஜபாளையம் மில்லில் உன் கம்பெனியின் வயர்லெஸ் கார்டுகளை நீயே பொருத்திக் கொடுத்தாய். கோடவுன் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கம்பியே இல்லாமல் கணக்கு போனதைப் பார்த்து முதலாளி உனக்குச் சால்வை போர்த்தினார். கோடவுன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த உன் தங்கைக்கு அன்று எத்தனை பெருமை!

ஐப்பசி மழையோடு தொந்தரவு தொடங்கியது. நூல் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கிய நாட்களில் எதுவுமே நகராதாம். சின்னக் கணக்குக்கூட அரை வழியில் அறுந்துபோகுமாம். ஆனால் திரையின் மூலையில் வேகம் பதினொன்று என்றே நிற்குமாம். மேனேஜர் தனுஷ்கோடியிடம் இவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவர் அந்த மூலையை எட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு காட்டுதேம்மா, பொறவு என்ன?" என்று போய்விடுவாராம்.

கார்த்திகையில் ஒரு கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டிகளின் விவரம் ஆபீசில் அச்சாகாமல் லாரியை வெளியே விட மாட்டார்கள். இவள் மத்தியானத்திலிருந்து அனுப்பி அனுப்பிப் பார்த்திருக்கிறாள். கோடவுனை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. ஆளனுப்பிச் சொன்னதற்கும், லைன் நன்றாகத்தான் இருக்கிறது, அனுப்பச் சொல் என்றே பதில் வந்ததாம். லாரி கிளம்பும்போது இருட்டிவிட்டது. கப்பல் போய்விட்டது. வாங்க இருந்த வெளிநாட்டுக்காரர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டார்.

மறுநாள் எல்லோர் முன்னாலும், "அண்ணன் போட்டுக் கொடுத்த மிசின் பொய் சொல்லுமா, நீ சொல்லுதியா?" என்று தனுஷ்கோடி கேட்டிருக்கிறார். வேலையை விட்டு நிறுத்தியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். பொய் சொன்னவள் என்ற பேரைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்பா மறுநாளே பஸ் ஏறிப் போனார். அவர்கள் மரியாதைக் குறைவாக ஒன்றும் நடத்தவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்து, கோடவுனுக்கே கூட்டிப் போய்த் திரையைக் காட்டியிருக்கிறார்கள். "சாமி, நீங்களே பாருங்க. ஒங்க மகன் செஞ்சதுதானே?" என்றாராம் தனுஷ்கோடி. பிள்ளை செய்தது தப்பு என்று சொல்வதா, பெண் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வதா என்று தெரியாமல் அப்பா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இப்போது அவள் இடத்தில் மம்சாபுரத்துப் பையன் ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். அவனாலும் அனுப்ப முடியவில்லையாம். அவன் புகார் சொல்வதில்லை. கணக்கைப் பிளாப்பியில் எடுத்து, சைக்கிளில் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறான். அங்கே வேலை பார்க்கும் செல்லக்கனி வந்து சொன்னாள். "அவனை நல்ல பையன்னு சொல்லுதாவ, அக்கா" என்று அவள் சொன்னபோது சௌந்தரவல்லி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதைச் சரிப்படுத்த ஒரு வரி போதும் என்று நினைத்துத்தான் அன்று போனில் உன்னைக் கேட்டேன். இவள் சொன்னதை வைத்து எனக்குப் பட்டது போல, கார்டு அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் அனுப்பக்கூடியதோ அதைத்தான் திரை காட்டுகிறது, அந்த நிமிஷத்தில் நிஜமாக எந்த வேகத்தில் அனுப்புகிறது என்பதை அல்ல என்று மில்லுக்கு ஒரு கடிதம் போடு என்றேன். அதற்கு நீ, "எனக்குத் தெரியும்மா. நிஜ வேகத்தைக் காட்டற மாதிரிதான் நான் முதல்ல புரோகிராம் எழுதினேன். எண் ஏறி இறங்கினா வாங்கறவா பயப்படுவான்னு மேலே இருக்கறவா எடுக்கச் சொல்லிட்டா" என்றாய். அதை எழுத்தில் கொடுத்தால் உன் வேலை போகும், விசாவும் போகும், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாய்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூட. நீ அங்கே எவ்வளவு கஷ்டப்பட்டுக் கால் ஊன்றினாய் என்று எனக்குத் தெரியும். உன்னை வேலையை விட்டு வா என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் இவள் முகத்தைப் பார்க்கும்போது இதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டும் என் வயிற்றில் பிறந்தது.

அவளுக்கு உன்மேல் துளி வருத்தம் இல்லை. "பாவம், அண்ணாவுக்கு இது தெரிஞ்சிருக்காதும்மா. தெரிஞ்சா உடனே சரி பண்ணிடுவான்" என்கிறாள். நான்கு நாளாக உனக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். கோடவுனைப் படம் போட்டு, பெட்டிகளை எங்கே அடுக்கினால் நின்றுபோகிறது என்று உனக்கு உதவுமே என்று குறித்து வைத்திருக்கிறாள். நேற்று என்னிடம் படித்துக் காட்டினாள். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவில்லை.

இந்த வாரம் அதைத் தபாலில் சேர்ப்பாள். உனக்குக் கிடைத்ததும் பதில் போடு. மில்லுக்கு எழுது என்று இனி நான் கேட்க மாட்டேன். அவளுக்கு என்ன எழுத வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது என்று மட்டும் அவளுக்கு எழுதிவிடாதே, கண்ணா. அவள் அதை நம்பிவிடுவாள்.

நாச்சியார் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். நீ நல்லவன்.

அன்புள்ள அம்மா,
ஸாவித்ரி