சுகி நடந்த கேசட்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி அப்படியே ஈரம். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு சுகியை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம், நானும் இவரும்.

கோ-கோ ஆடும்போது இடது காலை இழுக்கிறாள் என்று அவளுடைய பி.டி. மிஸ் சொன்னதில் ஆரம்பித்தது. பதினாலு வயது. பெற்றவள் நான், தினமும் பார்க்கிறேன், கண்ணில் படவே இல்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

டாக்டர் நடக்கச் சொன்னார், குதிகாலில் நிற்கச் சொன்னார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். "சின்னதுலயே இப்படி நடந்தாளா, இல்ல இப்பத்தானா?" இப்பத்தான் என்றேன் நான். தெரியல சார் என்றார் இவர்.

"அதத்தாம்மா தெரிஞ்சுக்கணும். பிறந்ததுல இருந்தே இருந்தா இதுக்கு மேல போகாது, பயிற்சியில சமாளிச்சுரலாம். புதுசா வந்திருந்தா கூடிக்கிட்டே போற வியாதியாக்கூட இருக்கலாம். சின்னப்பிள்ளையில நடக்கிற மாதிரி பழைய வீடியோ ஏதும் இருக்கா?" வெள்ளிக்கிழமை சி.டி.யில் போட்டுக் கொண்டு வரணும்.

கூடிக்கிட்டே போற. பஸ்ஸில் வழியெல்லாம் இந்த வார்த்தைதான். சுகி ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வந்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

பரணிலிருந்து இறக்கியவை: வீடியோ கேமரா, ஒரு பை நிறைய ஒயர், கேசட் நான்கு, செத்த பல்லி ஒன்று. கேமரா என் கொழுந்தன் பாண்டி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அப்போது சுகிக்கு ஐந்து வயது. திரும்பிப் போகும்போது இங்கேயே விட்டுவிட்டான்.

பேட்டரி அவுட். கரண்டில் செருகினால் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் திரை கறுப்பு. லேப்டாப்பில் ஏற்றினால்தான் என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியும்.

கேசட்டின் மேல் பாண்டி எழுதியிருப்பது: அழகர்கோவில். எழுமலை காதுகுத்து. வீடு. சும்மா. (அந்த 'சும்மா'வில் என்னதான் எடுத்தானோ.)

எழுமலைதான் வேண்டும். நாத்தனார் மகன் காதுகுத்து. இவர் தாய்மாமன், மேளம் வெடியோடு தெருவெல்லாம் சீர் கொண்டு போனோம். தானும் ஒரு தட்டு தூக்குவேன் என்று அடம்பிடித்து சுகியும் வந்தாள். நடந்தாள், நினைவிருக்கிறது. எப்படி நடந்தாள்? எம்புட்டு யோசித்தாலும் வரவில்லை.

கேமராவில் ஒயர் செருகச் சின்ன ஓட்டை. புது லேப்டாப்பில் அந்த ஒயருக்கு ஓட்டையே இல்லை. புதுசாம் புதுசு.

நவம்பர் 12, புதன்

பள்ளி விட்டதும் நேராக டவுன்ஹால் ரோடு, கேமரா ரிப்பேர் கடை. இவர் முன்னாலேயே வந்து நின்றார். கடைக்காரர் லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகுகிற கார்டு ஒன்று கொடுத்தார். கேபிளின் ஒரு முனை அதில் சரியாக உட்கார்ந்தது. மறுமுனை கேமராவுக்குள் போவேனா என்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்னக்கா, உள்ள சந்தனக்காப்பே சாத்தியிருக்கீங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் காலண்டரைப் பார்த்தார்.

ஆயுத பூஜை! மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிற மனுஷன். அன்றைக்கு ஸ்பேனரிலிருந்து ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. கேமராவையும் வருஷா வருஷம் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, அதே இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்த இடம் இந்த ஓட்டை. மூடி எப்போதோ விழுந்துவிட்டது போல. வருஷத்துக்கு ஒரு பூச்சாக சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது.

"நல்லா இருக்கணும்னுதானடி வச்சேன்."

போன மாதம் லேப்டாப்புக்கும் வைத்தார். நல்லவேளை, மூடிமேல்.

குத்தினால் உள்ளே இருக்கிற பின் கம்பி ஒடிந்துவிடும், விட்டுவிட்டுப் போங்க, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். வெள்ளிக்கிழமை டாக்டருக்குக் காட்டணும் என்று ஆரம்பித்தேன், அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால். வெட்கமாகக்கூட இல்லை.

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணே, கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் குடுங்க. அடைச்சவன் நானு, நானே எடுக்கேன்." ஊசிமுனையில் பஞ்சைச் சுற்றி, தொட்டு, ஊறவிட்டு, மறுபடி தொட்டு. பஞ்சு மஞ்சளாக, பிறகு சிவப்பாக, மறுபடி மஞ்சளாக வந்தது. கேபிள் 'டக்'கென்று உள்ளே போனதும் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார்.

இவர்மேல் இருந்த கோபம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் போய்விட்டது. எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாறலாம்.

நவம்பர் 13, வியாழன்

மூன்று பேருக்கும் லீவு. காலை டிபன் உப்புமா, யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கேசட் ஓடுகிற வேகத்தில்தான் ஏறுமாம், தள்ளிவிட முடியாது. பத்து மணிக்குக் கரண்ட் கட். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தோம்.

வந்த படங்கள்: பந்தல். ஆட்டுக்கிடாய்கள். மைக் செட்காரர். ஆட்டுக்கிடாய்கள். பிறகு பாண்டி அணைக்க மறந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறான். மண்தரையும் அவன் செருப்பும், போகிறது போகிறது போய்க்கொண்டே இருக்கிறது. "இவனெல்லாம் ஒரு கேமராமேன்!" என்று இவர் பல்லைக் கடித்தார்.

ஒரு வழியாக மேளச் சத்தம். சீர் வருகிறது. தட்டோடு முதல் வரிசைப் பெண்கள் தெரிந்தார்கள். கரண்ட் போச்சு.

வெளியே மழை மூட்டம். இருட்டு வீட்டில் இரண்டு மணி நேரம். சுகி மெதுவாகக் கேட்டாள். "கூடிக்கிட்டே போனா அப்புறம் நடக்கவே முடியாதாம்மா?" அப்படியானால் எல்லாம் புரிந்துதான் கடலை தின்றிருக்கிறாள். "போய்த் தலையச் சீவு" என்றேன். ஒரு தாய் சொல்கிற பதிலா அது. பயத்தில் நாக்கு அதைத்தான் பேசியது.

கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டோம்.

ரோஸ் கவுனில் சுகி. வளையல் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து வருகிறாள். இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. அது தெரியாமல் வெறுங்கால் விரலைத் தரையில் தேய்த்தபடி. கூடவே பாண்டியின் குரல், காதைக் கிழிக்கிற மாதிரி: "அண்ணி, இங்க பாருங்க! உங்க மக தெரு நெடுகக் கோடு போட்டுக்கிட்டே வாரா!"

கோடு தெரிகிறது. புழுதியில் நீளமாக, அவளுக்குப் பின்னால். ஐந்து வயதில். அதே கால். அதே இழுப்பு.

இவர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னொருக்காப் போடு." போட்டேன். "இன்னொருக்கா." எத்தனை தடவை பார்த்தோமோ.

"அய்யே, அப்பவே இப்படித்தானா நானு?" சுகி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

நவம்பர் 14, வெள்ளி

நல்ல மழை. நனைந்துகொண்டே போனோம், சி.டி. மட்டும் மூன்று பாலித்தீன் பைக்குள்.

டாக்டர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். மறுபடி சுகியை நடக்கச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. பழசுதான். பயப்படாதீங்க." தினமும் பயிற்சி. ஷூவுக்குள் வைக்க ஒரு பட்டை. கோ-கோ ஆடலாமா? தாராளமா.

வெளியே வந்ததும்தான் தெரிந்தது எம்புட்டுப் பசி என்று. ஹோட்டலில் ஆளாளுக்கு இரண்டு தோசை. பாண்டிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அன்னைக்கு அம்புட்டுப் பேரும் என்னைய ஏசுனீங்களே அண்ணி, ஒழுங்கா எடுக்கத் தெரியலன்னு" என்றான். ஏசியது உண்மைதான். அந்தச் செருப்புப் படத்துக்கு இப்பவும் ஏசுவேன்.

சாயங்காலம் கேசரி கிளறினேன். நெய் தாராளம். பக்கத்து வீட்டு கோமதி அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். "என்ன டீச்சர், என்ன விசேஷம்?"

"எங்க சுகிக்குப் பிறந்ததுல இருந்தே கால் இழுக்குதாம்க்கா!" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அக்கா கிண்ணத்தை வாங்கவே இல்லை.