முதல் தாம்பூலமும் மூன்று சாவிகளும்

மழை அளவோடு பொழிக. கரைகள் நிலைத்து நிற்க. கழிமுகம் காக்கும் தாழைநாட்டு அரசி பூதி நங்கையார் திருமுன், குன்றநாட்டு வேந்தர் நன்மாறவேளின் ஆணையால் ஓலைநாயகம் உதிரன் கிழான் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டார் நலமா என்று வினவுவதே முறை. அதைக் கேட்கும் முகம் இன்று எங்களுக்கு இல்லை.

பேரேரி பெருகுங்கால் குன்றநாடும் வேங்கைநாடும் தாழைநாடும் கூடி, ஆளுக்கொரு சாவியிட்டு வடிகால் மதகைத் திறப்பதென்பது நம் முன்னோர் செய்த உடன்படிக்கை. அவ்வண்ணமே இம்மாரியிலும் மூன்று நாட்டாரும் ஏரிக்கரை மண்டபத்தில் கூடினர். முதல் தாம்பூலம் கொடுத்தபின்னரே அவை தொடங்கும் என்பது வழக்கம். அது தமக்கே உரியது என்றார் எம் வேந்தர். தமக்கே என்றார் வேங்கைநாட்டு மன்னர். ஐயகோ, வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, உள்ளே குலப்பெருமை பேசியே பொழுது போயிற்று! தங்கள் தூதர் ஏனாதி சாத்தனார் மட்டும், தமக்கு இருக்கையும் வேண்டாம், தாம்பூலமும் வேண்டாம், இருவரும் சாவியோடு எழுந்து வந்தாற் போதும் என்று கைகூப்பி மன்றாடினார். அவர் சொல் யார் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் எம் வேந்தரே வென்றார். வெற்றிலையை மடித்து வாயிலிட்டு அவர் மென்றுகொண்டிருக்கையில், கரை உடைந்தது, தாழைநாட்டு ஊர்கள் நீரில் போயின என்ற செய்தி வந்தது. சாத்தனார் எம் வேந்தரின் சிவந்த வாயைப் பார்த்தார். தம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வையில் எம் வேந்தர் கூனிக் குறுகிப் போனார். அன்றுமுதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கறை போன பின்னும் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்.

ஆதலால், குன்றநாட்டுச் சாவி இவ்வோலையோடு தங்கள் கைக்கு வருகிறது. இனி மதகைத் திறக்க எங்களைக் கேட்க வேண்டியதில்லை. வேங்கைநாட்டுச் சாவியையும் தங்களிடம் ஒப்படைக்குமாறு எழுதினோம். அத்தகைய ஓலையில் எந்த நாட்டின் பெயரை முதலில் எழுதுவது முறை என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

கரை கட்ட ஆட்களும், பசியாற நெல்லும் ஏற்றிய வண்டிகள் புறப்பட்டுவிட்டன. குடையும் முரசும் இன்றி, மண்வெட்டியோடு எம் வேந்தரும் உடன் வருகிறார். இவை மலை இலச்சினை பொறித்த அரசாணை.

இனி, ஆணையிட உரிமையில்லாத இடத்தில் அடியேனின் வேண்டுகோள் ஒன்று. தங்கள் மக்கள் வீடிழந்து நின்றாலும் வந்தவரை உபசரிக்கும் குணமுடையவர்கள். கரை எழும்வரை எம் வேந்தருக்கு யாரும் வெற்றிலை நீட்டாதபடி தாங்களே தடுத்தருள வேண்டும். நீட்டிவிட்டால், அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?