கல்லுமீனுக்கு ஒரு குழி

இன்று காலை நம் வலையில் ஒரு கல்லுமீன் ஏறிவிட்டதடா. காத்திவாக்கம் கரையில், படகுக்குப் பக்கத்தில், வாளித் தண்ணீரில் அதைப் போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ இருந்திருந்தால் வேலைவெட்டி இல்லாதவன் என்று திட்டியிருப்பாய்.

மேலெல்லாம் பாசி, சாம்பல் நிறச் சேறு. அலைதடுப்புக் கல்லில் உடைந்த துண்டு என்றுதான் யாரும் சொல்வார்கள். கண்ணையும் வாயையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் இறாலை விட்டேன். அது பாட்டுக்கு அருகில் போனது. கல் அசைந்த மாதிரியே இல்லை, இறாலைக் காணோம். இந்த மீன் யாரையும் துரத்திப் போய்க் குத்துவதில்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதன் முதுகிலுள்ள விஷ முள்ளில் நாம்தான் கால் வைக்கிறோம்.

"இத்த புதைக்கிற வரிக்கும் செத்துச்சுன்னு நம்பாத மாமு" என்பாய். தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும் மீன். அதனால்தான் நம் ஆட்கள் முள்ளை நசுக்கி, மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைப்பார்கள்.

ஒன்றை நான் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் நான் தனியாகக் கடலுக்குப் போனேன். வலையில் நீ மஞ்சள் நூல் போட்டுத் தைத்திருந்த இடத்தில் இதே போல ஒரு மீன் சிக்கியிருந்தது. நூலை அறுத்து மீனை எடுத்தேன். மதியம்வரை வெயிலில் படகிலேயே கிடந்தது. அசைவே இல்லை. குழி தோண்டச் சோம்பல்பட்டு, கரையோரம் முழங்கால் தண்ணீரில் வீசிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் படகைத் தள்ள அந்தத் தண்ணீரில் இறங்கியவன் நீ. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. டீக்கடை பாய் வெந்நீரோடு ஓடிவந்தார். பொறுக்கும் சூட்டுக்கு விளாவி அதில் உன் காலை வைத்தோம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள், பாதத்தை முடியவில்லை. ஆடுகிற படகில் ஊன்றி நிற்க முடியாமல், போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து நீ போய்ச் சேரும்வரை கரையிலேயே வலை தைத்துக்கொண்டிருந்தாய். "கடல்லேர்ந்து தானா வந்துருக்கும்" என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். நீயும் தலையாட்டினாய்.

இன்றைக்கு உன் வீட்டுக்காரி விற்பனைக்கு மீன் எடுக்க வந்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, இத்தயும் செத்துப்போச்சுன்னு வுட்றாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மற்ற மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு டாக்டராண்ட காட்ட நான்தான மீன பையில போட்டு எட்த்துகினு போனேன். வாய்ல மஞ்ச நூலு தொங்கிகினு இருந்துச்சு. அவரு தெச்ச நூலு, அவருக்குத் தெரியாதா? 'அவனாண்ட மூச்சு வுடாத. தெரிஞ்சா கடலுக்கே போவ மாட்டான்'னாரு."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

பாவி, என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? தினமும் உன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தேனே, உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு! வெட்கமாக இருக்கிறதடா.

மீனின் முள்ளை நசுக்கினேன். முழங்கை ஆழம் போதும்தான், நான் தோள் ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தேன். நாளைக்குக் கடலுக்குப் போக மனசே இல்லை. ஆனாலும் போவேன். அதற்காகத்தானே நீ வாயைத் திறக்காமல் இருந்தாய்.