மாற்றாள் வரவில்லை

டியேகோ கார்சியா,
4 மார்ச் 1990

என் அன்புள்ள லொரெட்டா,

இங்கே நலம். நீயும் மகள் கரோலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றாள் வரவில்லை. இந்தத் தடவையும் ஆள் இல்லையென்று எங்கள் இன்ஜினியர் சங்க அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். என் இடத்துக்கு ஒருவன் வந்து கப்பலில் கால் வைத்தால்தான் நான் இறங்கலாம் என்பது உனக்குத் தெரியாததா? இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்.

எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை. நடுக்கடலில் இந்தத் தீவு வளையம்போல வளைந்து கிடக்கிறது, அதன் நடுவில் நாங்கள் நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம். கப்பல் வயிற்றில் டாங்கி, லாரி, குண்டு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரிக் கூடாரம் எல்லாம் ஏற்றியபடியே இருக்கின்றன. எங்காவது சண்டை என்றால் சிப்பாய்கள் விமானத்தில் போவார்கள், அவர்களுடைய சாமான் எங்களோடு போகும். பழுது பார்க்க ஜாக்சன்வில்லுக்குப் போய்வந்ததையும் ஒத்திகைகளையும் விட்டால், ஐந்து வருடமாக ஒரு சண்டைக்கும் போகவில்லை. மெக்கானிக்குகள் முறைபோட்டு ஒவ்வொரு லாரியாகக் கிளப்பி, சற்று உறும விட்டு, அணைக்கிறார்கள். சொன்ன ஒரே நாளில் புறப்பட வேண்டும் என்பது உத்தரவு. அதற்காக நானும் என் இன்ஜினைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். சமையல்காரன் பாண்ட் நேற்று சொன்னான்: "வெர்னன், நாம கப்பல்லயா வேலை பார்க்கிறோம்? மிதக்கிற குடோனுக்கு வாட்ச்மேன்ப்பா நாம."

களைப்பாக இருக்கிறது, லொரெட்டா. வேலை செய்த களைப்பு கூட இல்லை.

உன் அன்பு வெர்னன்

*

மொபீல், அலபாமா,
25 மார்ச் 1990

அன்புள்ள வெர்னன்,

கடிதம் கிடைத்தது. கோபப்படவில்லை. கோபப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டாமா?

வெந்நீர்த் தொட்டி ஒழுகியது. நானே குழாயைக் கழற்றி, கடைக்கு எடுத்துப் போய், அதே அளவில் வாங்கி மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு ஜூன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கப்பல் இன்ஜினியர் பொண்டாட்டிக்கே இந்தக் கதியா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கரோல் நர்சிங் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். நீ போன் செய்வாய் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலேயே கிடந்தாள், பாவம்.

ஒரு விஷயம். என் தம்பி கர்டிஸ் வேலை பார்க்கும் காகித ஆலையில், பாய்லர் பார்க்கும் ஆள் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறாராம். "மச்சான் வர்றதா இருந்தா சொல்லுக்கா, மேனேஜர்கிட்ட நான் பேசறேன்" என்கிறான். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலை. உனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யத் தெரிந்த வேலை. யோசித்து எழுது.

உன் லொரெட்டா

*

மொபீல்,
19 மே 1990

வெர்னன்,

உன் கடிதம் வந்தது. மறுபடியும் மாற்றாள் வரவில்லையாம். பாய்லர் வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

நேற்று மளிகைக் கடையில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பெயர் ஃபே. அவள் புருஷன் எல்ராய் டக்கனும் உன்னைப் போலவே இன்ஜினியர், உன் சங்கத்துக்காரன். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு வீடு வாசல் ஒண்ணும் வேண்டாமா? எங்காளு பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சுட்டு நிக்கிறாரு. கடைசி நேரத்துல, கப்பல்ல இருக்கிறவரே இருந்துக்கறேன்னுட்டாரு, நீ வர வேண்டாம்னு போன் வருது. ஒரு தடவை இல்ல, மூணு தடவை!"

கையில் முட்டை அட்டையோடு நின்றேன். தெரிந்தது போலத் தலையாட்டினேன். பொய் சொன்னவன் நீ, அவமானப்பட்டு நின்றவள் நான்.

வேறு பெண் இருக்கிறாளா என்று கேட்க மாட்டேன். அந்தத் தீவில் கழுதைகளும் தேங்காய் நண்டுகளும்தான் இருக்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. ஒருத்திக்காக என்னை விட்டிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நீ ஒன்றுமில்லாத இடத்துக்காக என்னை விட்டிருக்கிறாய்.

உண்மையை எழுது. இல்லாவிட்டால் இனி எழுதாதே.

லொரெட்டா

*

டியேகோ கார்சியா,
8 ஜூன் 1990

என் லொரெட்டா,

ஃபே சொன்னது உண்மை. மூன்று தடவையும் நான்தான் "இருந்துகொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டேன். உன் கடிதத்தை இன்ஜின் அறையில் நின்றபடியே நாலு தரம் படித்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஏன் என்று கேட்பாய். போன தடவை வந்தபோது கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று உன்னைக் கேட்டேன், நினைவிருக்கிறதா? கரோல் வெளியே போக உன்னிடம் அனுமதி கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விருந்தாளிக்குச் செய்வது போல எனக்கு நல்ல தட்டில் சாப்பாடு போட்டீர்கள். இரண்டு வாரம் கழித்து நீங்கள் இருவரும் ஏதோ பேசிச் சிரித்தீர்கள், நான் வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். தப்பாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அன்றைக்கே கப்பலுக்குத் திரும்ப நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். இங்கே எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருவரும் என்னை விருந்தாளியாகப் பார்ப்பதில்லை. கோழைத்தனம்தான். வேறு பெயர் வைக்க முடியாது.

பாண்டிடம் சொன்னேன். "அடப்பாவி, எனக்கெல்லாம் போறதுக்கு வீடே இல்லாமத்தான் இங்க கிடக்கேன். உனக்கு என்னய்யா கேடு?" என்று கரண்டியை ஓங்கினான்.

போதும், லொரெட்டா. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. சங்கத்துக்கு எழுதிவிட்டேன். ஆகஸ்ட் 9 அன்று எல்ராய் வருகிறான், நான் இறங்குகிறேன், மறுபடி ஏற மாட்டேன். கர்டிஸைப் பேசச் சொல். கரண்டி எங்கே என்று கேட்டுக் கேட்டாவது கற்றுக்கொள்கிறேன்.

உன்னுடைய வெர்னன்

*

மொபீல்,
1 ஜூலை 1990

அன்புள்ள வெர்னன்,

நீ எழுதியதைப் படித்து அழுதேன். கொஞ்சம் கோபமும் வந்தது. விருந்தாளி போலத் தோன்றியிருந்தால் எழுந்துபோய்த் தட்டைக் கழுவியிருக்கலாமே, ஐயா! பத்தாயிரம் மைல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டுமா?

சரி, விடு. கர்டிஸ் பேசிவிட்டான். ஆகஸ்ட் 31 வரை வேலையை உனக்காக வைத்திருப்பார்களாம். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் துணிகளை அலமாரியில் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டேன். தையல் மிஷினைப் பின்னறைக்குத் தள்ளியிருக்கிறேன். அங்கே வெளிச்சம் போதவில்லை, பரவாயில்லை.

வெர்னன், ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு தடவை காத்திருக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. வந்துவிடு.

உன் லொரெட்டா

*

8 ஆகஸ்ட் 1990

என் லொரெட்டா,

இந்தக் கடிதத்தைக் கரைக்குப் போகும் கடைசிப் படகில் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம்தான் இருக்கிறது.

மாற்றாள் வரவில்லை.

இதே வார்த்தையை மூன்று தடவை பொய்யாக எழுதியிருக்கிறேன். இப்போது உண்மையாக எழுத வேறு வார்த்தை கிடைக்கவில்லை. எல்ராய் வரவேண்டிய விமானத்தில் வேறு ஆட்களை ஏற்றிவிட்டார்கள். யாரும் இறங்கக்கூடாது என்று உத்தரவு. எங்கே, ஏன் என்று எழுதக்கூடாது. சண்டைச் செய்தியை நீ டெலிவிஷனில் பார்ப்பாய்.

நான் பெட்டி கட்டிவிட்டேன். சத்தியமாகக் கட்டிவிட்டேன், லொரெட்டா. பாண்டைக் கேள், கேப்டனைக் கேள். ஃபேயைக் கேள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. நங்கூரத்தை இழுக்கும் சத்தம் கேட்கிறது. கப்பலில் எல்லோரும் ஒரே பரபரப்பு, கீழே வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வர வேண்டும்.

மேனேஜரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டுப் பார். நம்பு.

உன்னுடைய வெர்னன்

*

மொபீல்,
30 ஆகஸ்ட் 1990

அன்புள்ள வெர்னன்,

இந்தக் கடிதம் உனக்கு எங்கே, எப்போது கிடைக்குமோ தெரியவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் இது: உன்னை நம்புகிறேன். யாரையும் கேட்கவில்லை. ஃபேதான் தானாகவே போன் செய்து, எல்ராயைப் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள் என்றாள். டெலிவிஷனில் சண்டைச் செய்தியிலும் பார்த்தோம். உன் கப்பல்தானா என்று தெரியாது. பின்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள், பச்சை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணல்மேல் இறங்கின. கரோல் திரைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து தேடினாள். "அப்பா கீழ இருப்பாரும்மா, தெரிய மாட்டாரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அந்த லாரிகள் ஒன்றுகூட நிற்காமல் ஓடின. நீ அத்தனை வருடம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன்னை நோகடிக்க எழுதவில்லை. நீ உண்மையைச் சொன்னாய், நானும் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று, "மாற்றாள் வரவில்லை" என்ற வரியைப் படித்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. அழுகையும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்படியே எழுந்து போய்ப் பின்னறையிலிருந்த தையல் மிஷினை மறுபடி பழைய இடத்துக்கே, ஜன்னல் பக்கத்துக்கு இழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சண்டைக்குப் போகிறான், நான் மிஷினை இழுக்கிறேன், நான் என்ன ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மேனேஜரிடம் நான் ஒரு மாதம் கேட்கவில்லை. வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். கர்டிஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உன் அண்ணன் பென்சகோலாவில் தனியாகத்தான் இருக்கிறான். அவனிடம் பேசினேன். உனக்கு ஓர் அறை காலி செய்து வைக்கிறேன் என்றான். இறங்கியதும் அங்கே போ. கரோல் வந்து உன்னைப் பார்ப்பாள், அவளுக்கு நீ வேண்டும். அவளை மட்டும் காக்க வைக்காதே.

தினமும் காலையில் சர்ச்சுக்குப் போகிறேன். உன் மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று முட்டி போட்டுக் கேட்கிறேன். நேற்றுதான் கவனித்தேன், வெர்னன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட, நீ வீட்டுக்கு வரவேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லொரெட்டா